மூணரைக்கு மேல் போடாதவர்

என் சகலைக்கு ஊரில் பெயர் மூணரை. முகத்துக்கு நேராக அண்ணே, அத்தான், சார் என்பார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் மூணரை வந்துவிடும். நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா. இருபத்தோரு வருடமாக அக்கா கையால் சாப்பிடுகிறவர், ஒரு நாளாவது நல்லா இருக்கு என்று சொல்லி அதோடு நிறுத்தியதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பார். தண்ணீர் குடிப்பார். "ஆனா" என்பார். அந்த ஆனாவுக்காக மேசையில் எல்லோரும் கையை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம்.

எதைக் கண்டாலும் ஐந்துக்கு மார்க் போடுவது அவர் பழக்கம். என் வீட்டு சோபாவுக்கு மூன்றரை. என் காருக்கு மூன்று. என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து துணியை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "முகம் தெளிவா இருக்கு, போகப் போகப் பாக்கலாம்" என்றார். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் மூன்றரைக் கால் என்பார். மீதி அரைக்கு முயல்தான் விளக்கம் தர வேண்டும்.

வேலையும் அவருக்குத் தோதாகவே அமைந்தது. கதவுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. மரத்தூளும் பசை நாற்றமும் நிறைந்த நீளமான கொட்டகை. அதில் வரிசையாக நிலையில் மாட்டி நிறுத்திய கதவுகள். ஒவ்வொன்றையும் ஏழு தடவை திறந்து ஏழு தடவை மூடுவார். கீலில் காதை வைத்துக் கேட்பார். நிலைக்கால் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். தேறாத கதவின் கைப்பிடியில் மஞ்சள் நாடாவைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டு, இரண்டு நுனியையும் முயல் காது மாதிரி மேலே இழுத்துவிடுவார். அந்த முடிச்சைப் பார்த்தால் தச்சர்களுக்கு வயிறு எரியும்.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு நூலகத்துக்குப் போக வேண்டிய நாற்பது கதவுகளைப் பார்த்து எல்லாம் நல்லது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. கதவெல்லாம் உப்பிப் போய் நிலையில் சிக்கிக்கொண்டன. நூலகத் தலைவர் கழிவறைக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். தொழிற்சாலை மேலாளர் இவரைக் கூப்பிட்டுத் திட்டக்கூட இல்லை. "இதுக்கு நல்லதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு இவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. நல்லது என்றவனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். மோசம் என்றவனிடமும் ஏன் என்று சண்டைக்கு வருகிறார்கள். பரவாயில்லை, ஆனால் என்றவனை உலகத்தில் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. மூன்றரை என்பது மழை படாத மூலை.

சிரிக்கலாம்தான். பிழைக்க வந்த நாட்டில் மின் இணைப்புப் படிவத்தைக்கூட மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிற எனக்கு, அந்த மூலை எவ்வளவு சுகம் என்று தெரியும். அதனால் பாதி வாயால்தான் சிரித்தேன்.

டிஸ்க் கோல்ஃப் அவர் வாழ்க்கைக்குள் வந்தது டாக்டர் வழியாக. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். சும்மா நடப்பது சகலைக்கு ஆகாது. போகிற வழியில் குறை சொல்ல ஏதாவது வேண்டும். அப்போதுதான் இந்த ஆட்டம் கண்ணில் பட்டது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. மேடையில் நின்று தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறவன் கெட்டிக்காரன். இப்படிப் பதினெட்டுக் கூடை. புல்வெளி என்றால் பிழைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் என்றால் ஒவ்வொரு மரமும் எதிராளி.

சகலை ஒரு தட்டைக்கூட எறிந்ததில்லை. ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு இணையதளம் இருக்கிறது. அதில் மைதானங்களுக்கு மார்க் போடலாம். நூறு மைதானம் தாண்டியவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை முளைக்கும். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் என்று அர்த்தம். சகலை நூற்றுப் பன்னிரண்டு மைதானம் பார்த்தாகிவிட்டது. அதில் ஒன்றுக்குக்கூட நாலு விழவில்லை.

"ஒரு தடவையாவது எறிஞ்சு பாக்கலாமே அண்ணே" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதவைச் சோதிக்கிறவன் அந்த வீட்டுல குடியிருக்கணுமா?" என்றார்.

மைதானம் பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. பதினெட்டாவது கூடையில் தொடங்கி ஒன்றாவது மேடைக்குப் பின்பக்கமாக வருவார். முன்பக்கமாகப் போனால் மைதானம் சிரித்துக் காட்டி ஏமாற்றிவிடுமாம். குறையுள்ள இடத்தில் மஞ்சள் நாடா கட்டிப் படம் எடுப்பார், திரும்பும்போது அவிழ்த்துக்கொள்வார். நாடா தொழிற்சாலையிலிருந்து வந்தது. இந்த முறையைப் பற்றி அந்தத் தளத்தில் மூன்று பாகமாக எழுதியும் இருக்கிறார். மூன்று பாகத்துக்கும் சேர்த்து இரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் அக்கா.

இனி எங்கள் மச்சான். என் மனைவிக்கும் அக்காவுக்கும் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். எங்கள் இருவரையும் பெரியத்தான், சின்னத்தான் என்பார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றும்வரை ஐந்து மணி நேரம் சும்மா. மற்ற டிரைவர்கள் பஸ்ஸிலேயே தூங்குவார்கள். இவர் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் நகராட்சிக்குச் சொந்தமான சின்னக் காடு ஒன்றுக்குள் போனார். அந்த ஐந்து மணி நேரங்களை மூன்று வருடம் சேர்த்து, ஒற்றை ஆளாகப் பதினெட்டுக் கூடை நட்டுவிட்டார். கூடை ஒவ்வொன்றும் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் உள் உருளை. ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. மரம் குறுக்கே வந்தால் பாதையை வளைத்தார். பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களும் சனி ஞாயிறு வந்து விளையாடத் தொடங்கினார்கள்.

யாரோ நடைப்பயிற்சிக்காரர் தலைக்கு மேல் தட்டு பறந்ததாகப் புகார் கொடுத்தார். நகராட்சிப் பூங்கா அலுவலகத்திலிருந்து மச்சானுக்குக் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கு இந்த ஆட்டம் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எண் கேட்பது எந்த ஊர் அலுவலகத்துக்கும் உள்ள குணம். மாத முடிவுக்குள் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் ஒருவர் இந்த மைதானத்துக்கு நாலு அல்லது அதற்கு மேல் மார்க் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடைகள் அகற்றப்படும். பச்சை இலை வைத்திருப்பவர் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் அந்தக் கடிதத்தை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

சகலை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "எழுத்து நல்லாருக்கு. ஆனா தேதி கீழ போட்டிருக்காங்க."

"பெரியத்தான், கடுதாசிக்கு மார்க் கேக்கல" என்றார் மச்சான்.

"வந்து பாக்குறேன். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அக்கா. "நாலுன்னு ஒரு தட்டு தட்டுங்க. விரல் தேஞ்சா போயிடும்?"

"நூத்திப் பன்னெண்டு பேருக்குப் போடாத நாலை மச்சானுக்குப் போட்டா ஊரு என்ன சொல்லும்?"

"எந்த ஊரு? உங்க கட்டுரையைப் படிச்ச அந்த இன்னொரு ஆளா?"

சகலை தண்ணீர் குடித்தார். மச்சான் சிரிக்கவில்லை. மூன்று வருடம் தகரத்தில் அறுபட்ட கைவிரல்களை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை வாங்க பெரியத்தான்" என்றார். "முழுசா பாருங்க. ஏழாவதை மட்டும் நின்னு பாருங்க."

சனிக்கிழமை காலை மூவரும் போனோம். சகலை கழுத்தில் விசில், இடுப்பில் ரசமட்டம், கையில் அட்டை. நாடாவும் கத்தரிக்கோலும் என்னிடம். ஒரு முழம் ஒரு முழமாக வெட்டி நீட்டுவது என் பொறுப்பு. பதினெட்டாவது கூடையிலிருந்து தொடங்கினோம். காடு சின்னதுதான், ஆனால் உள்ளே போனதும் சாலைச் சத்தம் கதவைச் சாத்தியது மாதிரி நின்றுவிட்டது. பாதை மரத்துக்கு மரம் நெளிந்து போயிற்று. காலடியில் மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பியிருந்தார் மச்சான். மேடை ஒவ்வொன்றும் பழைய பஸ் டயரைப் பிளந்து விரித்துப் போட்டது, மழையிலும் வழுக்காது. எனக்கு ஆட்டம் தெரியாது. இருந்தாலும் யாரோ உள்ளங்கையால் தடவித் தடவிச் செய்த இடம் என்று தெரிந்தது.

சகலையின் முகத்திலும் அது தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. பதினேழு, பதினாறு, பதினைந்து. அட்டையில் அவர் எதுவுமே எழுதவில்லை. பேனாவைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். வேர்த்தது அவருக்கு. குறை கிடைக்காத இடத்தில் அவர் நின்று நான் பார்த்ததேயில்லை. ஆடு திருடினவன் மாதிரி விழித்தார்.

பதினாலாவது பாதையில் ஒரு மரத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது.

சகலை நின்றார். "இது யாரு கட்டினது?"

மச்சான் முன்னால் எங்கோ கிளைகளை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்தில் நாடா. பத்தாவது கூடையை எட்டுவதற்குள் மொத்தம் நாலு.

"எவனோ வந்துட்டுப் போயிருக்கான்" என்றார் சகலை, குரலைத் தாழ்த்தி. "என் முறையைத் திருடிட்டான். மூணு பாகத்தையும் ஒருத்தன் படிச்சிருக்கான்."

"இருக்காது அண்ணே. வேற ஏதாவது..."

"நாலு குறை கண்டுபிடிச்சிருக்கான். நான் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்கல." அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ன குறை என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதுவே எதிரியின் திறமைக்குச் சாட்சியாகிவிட்டது. "முடிச்சப் பாரு. ஒத்தை முடிச்சு. பழக்கமில்லாதவன். இவன்கிட்டப் போய் நான் தோக்கணுமா?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கல்லில் நார் உரிக்கத் தெரிந்தவருக்கு மரத்தில் உரிக்கவா கசக்கும்? பத்தாவதில் ஒரு மரம் அரை அடி முன்னால் நிற்கிறது. ஒன்பதாவதில் ஒன்றின் கிளை காற்று வரும் பக்கம் நீண்டிருக்கிறது. எட்டாவதில் ஒன்று, சும்மா நிற்கிறது. நின்று என்ன பயன் என்று எழுதினார். நான் வெட்டி வெட்டி நீட்டினேன். அவர் இரட்டை முடிச்சுப் போட்டு முயல் காதை இழுத்துவிட்டுக்கொண்டே போனார்.

ஏழாவதில் மச்சான் எங்களுக்காகக் காத்திருந்தார். பாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மரங்கள். இடது மரம் இளவயதிலேயே எப்படியோ சாய்ந்து, பிறகு மனசு மாறி மேலே எழுந்து, வலது மரத்தின் கிளையில் போய்த் தோள் சாய்த்திருந்தது. நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதற்குள் வெளிச்சம் நின்றது. மேடையிலிருந்து எறிகிற தட்டு அந்த இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும்.

"இதுக்குப் பேரு கதவு" என்றார் மச்சான். "பிள்ளைங்க வெச்ச பேரு. இந்த ரெண்டு மரத்தப் பாத்த அன்னிக்குத்தான் இங்க கூடை நடணும்னே தோணிச்சு. மத்த பதினேழும் இதுக்காகத்தான்."

மேடையில் நின்று ஒரு தட்டை எறிந்தார். அது தாழ்வாகப் போய், கதவுக்குள் நுழையும்போது கொஞ்சம் நிமிர்ந்து, அந்தப் பக்கம் சங்கிலியில் சலங் என்று விழுந்தது. பஸ் ஓட்டுகிறவர் முகத்தில் அப்படியொரு வெட்கம் நான் பார்த்ததில்லை.

சகலை மெல்ல நடந்துபோய் இடைவெளியில் நின்றார். கையை விரித்து அளந்தார். இடது மரத்தில் ரசமட்டத்தை வைத்தார்.

"அகலம் ரெண்டு விரக்கடை பத்தாது" என்றார். "இடது நிலைக்கால் சாஞ்சிருக்கு."

"அது மரம், பெரியத்தான்."

"கதவுன்னு நீதானே சொன்னே? கதவுன்னு சொன்னா நான் கதவாத்தான் பாப்பேன்." என் பக்கம் கையை நீட்டினார். நானும் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, நீட்டிய கையில் எதையாவது வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது என் சுபாவம்.

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகளை ஏற்ற நேரமாச்சு என்றார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்று மூவருக்கும் தெரியும். அவர் போய்விட்டார். நாங்கள் ஒன்றாவது மேடைவரை முடித்தோம். நாங்கள் கட்டியது மொத்தம் ஒன்பது நாடா.

"அவுத்துடலாமா அண்ணே?"

"வேணாம். அவன் மறுபடி வருவான்ல? பாக்கட்டும். ஒன்பது."

அன்று மாலையே சகலை அறிக்கை எழுதி, ஒன்பது படத்தையும் சேர்த்து, நகராட்சி அலுவலகத்துக்கு அனுப்பினார். மார்க் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மச்சானிடமிருந்து எனக்குப் போன். "சின்னத்தான், காட்டுக்கு வாங்க" என்றார். சகலையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தூரத்திலேயே தெரிந்தது. மரம் வெட்டுகிறவர்கள் காலையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பூச்சி அரித்த நாலு மரத்தை வெட்டுவது என்று அலுவலகம் போன வாரமே முடிவு செய்து அடையாளத்துக்கு மஞ்சள் நாடா கட்டியிருந்ததாம். வெட்டுகிறவர்களுக்குக் கிடைத்த தாளில் ஒரே ஒரு வரி: மஞ்சள் நாடா கட்டிய எல்லா மரமும். அவர்கள் நல்ல வேலைக்காரர்கள். பதின்மூன்றையும் வெட்டிவிட்டார்கள்.

சகலை அடிமரங்களை விரல் விட்டு எண்ணினார். என் மண்டைக்குள் ஒரே எண்ணம்: கத்தரிக்கோலில் என் கைரேகை. இந்த நாட்டில் தங்கும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க இன்னும் நாலு மாதம்.

பூங்கா அதிகாரி அங்கேதான் இருந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மாள். நெஞ்சோடு அலுவலகக் கோப்பு ஒன்றை அணைத்திருந்தார். எங்களைத் தனியாக ஒரு மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். கோப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். எட்டாவது பாதையில் சும்மா நின்ற மரம். அதன் இடுப்பில் முயல் காது.

"படத்துல நாடா நல்லா தெரியுது சார்."

சகலை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நான் எதுவும் கேக்கல" என்றார் அந்த அம்மாள். "வேலைத் தாள்ல எல்லா மரமும்னு எழுதி கையெழுத்துப் போட்டது நான். எண்ணிக்கை போட்டிருக்கணும். போடல. நாளைக்கு யாராவது ஒன்பது மரம் எதுக்கு வெட்டினீங்கன்னு கேட்டா, மதிப்பீட்டாளர் சொன்ன ஒன்பது குறையும் நிவர்த்தி செய்யப்பட்டதுன்னு நான் எழுதிக்கலாம். நிவர்த்தி ஆனதும் மார்க் ஏறியிருக்கணும். ஏறலன்னா, வெட்டினது எதுக்குன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா நாடா யாருதுன்னு வரும்." கோப்பை மூடினார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். திருத்தி அனுப்புங்க சார்."

என் சகலையைப் போலவே இன்னொரு ஜீவன் இன்னொரு அலுவலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் அப்படியொரு ஒட்டுறவு.

மச்சான் ஏழாவதில் இருந்தார். அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது மரம் போய்விட்டது. அதன் தோளை இழந்த வலது மரம், பந்தியில் பக்கத்து ஆள் எழுந்து போனது மாதிரி தனியாக நின்றது. மச்சான் கையில் ஒரு முழம் நாடா. முடிச்சை அவிழ்க்காமலே வைத்திருந்தார். முயல் காது இரண்டும் நிமிர்ந்துதான் இருந்தன.

"சார்" என்றார்.

சகலை திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அவரைத்தான்.

"அகலம் ரெண்டு விரக்கடை பத்தாதுன்னு சொன்னீங்க. இப்ப எவ்வளவு சார் இருக்கு?"

"இப்ப... அளக்க முடியாது."

"ஒத்தை நிலைக்கால் மட்டும் இருந்தா உங்க ஃபேக்டரில அதுக்கு என்ன பேரு?"

சகலை அடிமரத்தைப் பார்த்தார். வேலை சம்பந்தமான கேள்வி. பொய் சொல்ல வரவில்லை. "விறகு" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். இப்படியொரு காட்சியை விட்டுவிட மனமில்லை. அக்கா மீதி நாடாச் சுருளை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, கணினிக்குப் பக்கத்தில், கடிதம் வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. விரல் நாலின் மேல் போகும், மூன்றுக்கு வழுக்கும். "நாலு குடுத்துட்டு, நாளைக்கு எவனாவது இது என்ன நாலுன்னு கேட்டா?" என்றார் யாரிடமோ.

"மூணரை குடுத்தா அந்தம்மா கேக்கும்" என்றார் அக்கா சமையலறையிலிருந்து. "உங்களுக்கு எந்தப் பயம் பெருசுன்னு பாத்து அதுக்குத் தக்கன போடுங்க."

நாலு போட்டார். பயந்து போட்ட மூன்றரைகள் எத்தனையோ. முதல் நாலும் பயந்து போட்டதுதான். போட்டுவிட்டு, எழுந்து போய் முகம் கழுவினார். திரும்பி வந்து, குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்க்காமல் அவரால் முடியவில்லை: "ஏழாவது பாதையில் இடப்பக்கம் ஒரு மரம் இருந்திருந்தால் ஐந்துகூட யோசித்திருப்பேன்."

என் மனைவி அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் நின்று அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து அனுமதி வந்தது. கூடைகள் இருக்கலாம். மச்சான் அக்காவுக்கு மட்டும் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னார். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒருநாள் சாலையில் பஸ்ஸை நிறுத்திச் சகலைக்கு வழி விட்டாராம். "போங்க சார்" என்றாராம். சகலை இதை என்னிடம் மூன்று முறை சொன்னார். "போங்கன்னு சொன்னான். சரிதான். ஆனா" என்பார். அந்த ஆனாவுக்குப் பின்னால் முதல் முறையாக ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. சகலை. தொழிற்சாலைச் சிறு லாரி ஒன்று வாசலில் நின்றது. பின்னால் ஒரு கதவு நிலை, கதவு இல்லாமல் நிலை மட்டும். மேல்சட்டத்தில் மஞ்சள் நாடா. தேறாது என்று அவரே தள்ளியது. இடது நிலைக்கால் சாய்ந்திருந்ததாம். மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"நாடாவை முதல்ல அவுத்துடுங்க அண்ணே" என்றேன்.

அவிழ்த்து நாலாக மடித்து என் குப்பைத்தொட்டியில் போட்டார்.

ஏழாவது பாதைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. மச்சான் பாதையில் பட்டைத் துண்டு பரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார். உதவிக்கு வரவில்லை. சகலை அடிமரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். நிலையை நிறுத்தினார். ரசமட்டத்தை எடுத்தார், வைத்துப் பார்த்தார், பிறகு பழைய மரம் சாய்ந்திருந்த அளவுக்கு நிலையைத் தோளால் முட்டி முட்டிச் சாய்த்தார். சாய்ந்த நிலையைச் சரிதான் என்று அவர் விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் இருக்கும். மண்ணை மிதித்து இறுக்கினார். அப்புறம் பழக்கதோஷம்: நிலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். ஏழு தடவை. கதவே இல்லாத நிலையில் ஒரு மனிதர் ஏழு தடவை போய் வருவதைக் காட்டில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் மேடைக்குப் போய் ஒரு தட்டை எடுத்தார். எறிந்தார். தட்டு தாழ்வாகப் போய் நிலைக்காலில் மோதி, டங்கென்று கீழே விழுந்தது.

"ரெண்டு விரக்கடை பத்தல" என்றார் சகலை மெதுவாக.

மச்சான் இன்னொரு தட்டை எறிந்தார். இது நுழைந்தது. நிமிரவில்லை, பழைய மாதிரி அழகாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பக்கம் சங்கிலி குலுங்கியது.

அன்று மாலை சகலை இணையதளத்தில் திருத்தம் போட்டிருப்பதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். ஏழாவது பாதையில் இயற்கைக்குப் பொருந்தாத செயற்கை நிலை ஒன்று நிறுத்தப்பட்டுள்ளது. அரை மார்க் குறைக்கப்படுகிறது. அலுவலகத்தில் கோப்பு மூடியாகிவிட்டது. மூடிய கோப்பில் உள்ள எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் நிச்சயம் பார்க்கமாட்டார்.

மறுநாள் ஞாயிறு. மதியம் அக்கா வீட்டில் பறித்துப் போட்ட கீரைபோல் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார் சகலை. கதவு தட்டும் சத்தம். மச்சான். அந்தத் திருத்தம் திறந்திருந்த போனை நீட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், தானே தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டார். அடிமரத்தை அவர் மறக்கவில்லை என்பது, சகலையின் பக்கம் பார்க்காமல் பரிமாறிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. இனி அத்தானா, சாரா என்று நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திக் காத்திருந்தோம்.

"உப்பை இப்படித் தள்ளுங்க, மூணரை" என்றார் மச்சான்.

சகலை தள்ளினார்.